ஸ்டிரைக் விழாத கை

முதல் நாள்

துபாயில் தொழில்முறை பேஸ்பால் பிட்ச்சராக மைதானத்துக்குள் நுழைந்த முதல் நாள், என் கையில் ஒரு ரேக்கைக் கொடுத்து மண்ணைச் சமப்படுத்தச் சொன்னார்கள். நானும் சமப்படுத்தினேன்.

கம்பெனி பஸ்காரர் போகிற வழியில் இறக்கிவிட்டதால் சீக்கிரமே போய்விட்டேன். வெளுத்துப்போன டீ-ஷர்ட், டியூட்டிக்குப் போடும் ஷூ, தோளில் ஒரு பை. கிரவுண்ட் வேலையைக் கவனித்துக்கொண்டிருந்த மலையாளி ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தமிழா? புது ஆளா?"

"ஆமாங்க."

"இப்பதான் வர்றதா? இந்தா, இதப் பிடி. மவுண்ட் முழுக்கச் சரியாக்கணும். யெல்லா, யெல்லா, சீக்கிரம்."

மவுண்ட் என்பது பிட்ச்சர் நின்று பந்தெறியும் சிறிய மண்மேடு. அதில் நிற்கப்போகிற ஆளே நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் அந்த மனிதர் சங்கடப்படுவாரே என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மைக் காரணம் வேறு. நான் பிட்ச்சர் என்று சொன்னால் அவர் சிரித்துவிடுவாரோ என்ற பயம்.

மண்ணை இழுத்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒருவன் ஹிந்தியில் கூப்பிட்டான். நல்ல உயரம், தாடி, காலில் கேட்சர் போடும் பேடு.

"பாய், நீ சேகர்தானே? போட்டோவுல பார்த்தேன். நான் குல் ஜமான். உன் பந்தைப் பிடிக்கப்போற கேட்சர்."

நான் ரேக்கோடு நின்றேன்.

"பிட்ச்சரே மேட்டைச் சரி பண்றது நல்ல பழக்கம்தான். ஆனா யூனிஃபார்ம் போட்டுக்கிட்டுப் பண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனான். மலையாளிக்கு விஷயம் தெரிந்ததும் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அவர் கேட்கக் கேட்க எனக்குத்தான் கூச்சமாக இருந்தது.

டக்ட் வேலையும் பேஸ்பாலும்

என் ஊர் ஒட்டன்சத்திரம் பக்கம். பள்ளிக்கூடத்தில் கிரிக்கெட் டீமில் இடம் கிடைக்கவில்லை. பி.டி. சார்தான் "உனக்குக் கை நல்லா வருதுடா" என்று சாஃப்ட்பாலுக்கு இழுத்துவிட்டார். அங்கிருந்து பேஸ்பால், கல்லூரி டீம், மாநில டீம். சர்ட்டிஃபிகேட் வைத்து ஒரு வேலை கிடைக்கும் என்று நம்பி சில வருடங்கள் போயின. பிறகு எல்லோரையும்போல விமானம் ஏறினேன். ஏசி காற்று போகும் தகரக் குழாயான டக்ட் மாட்டும் கம்பெனியில் ஃபிட்டர் வேலை, சோனாப்பூரில் தொழிலாளர் கேம்ப். பேஸ்பால் கையுறையை மட்டும் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தேன்.

வெள்ளிக்கிழமைகளில் ஷார்ஜா பக்கம் ஒரு வெறும் பொட்டலில் பாகிஸ்தான்காரர்களும் பிலிப்பைன்ஸ்காரர்களும் பேஸ்பால் ஆடுவார்கள். நானும் போய்ச் சேர்ந்தேன். அங்கே என் ஃபாஸ்ட்பாலுக்கு நல்ல பெயர் இருந்தது. புதிதாக ஆரம்பித்த ஒரு லீக் ஆள் எடுக்கிறது என்று அவர்கள்தான் சொன்னார்கள். போனேன், எறிந்தேன், எடுத்துக்கொண்டார்கள். குளிர்காலத்தில் சில வாரங்கள் நடக்கிற லீக் அது. நன்றாக ஆடினால் அடுத்த வருடமும் கூப்பிடுவார்கள், வெளிநாட்டு லீக்குகளுக்கும் வழி பிறக்கும் என்றார்கள். தோளில் தகரம் சுமப்பதிலிருந்து அதே தோளால் வெளியேறிவிடலாம் என்று தோன்றியது.

லீவு கிடைப்பதுதான் பெரிய பாடு. எங்கள் ஃபோர்மேன் இப்ராஹிம் அண்ணன், ராமநாதபுரம் பக்கத்துக்காரர், மேனேஜரிடம் எனக்காக மூன்று தடவை போய் நின்றார். கடைசியில் லீவு வாங்கிக்கொண்டு வந்து, ரூமில் எல்லோரையும் கூட்டிவைத்து என்னைக் கேட்டார்.

"அது சரி, அங்க நீ என்னதான்டா பண்ணணும்?"

"ஸ்டிரைக் போடணும்ண்ணே."

அண்ணன் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"வாயக் கழுவுடா. இந்த ஊருல ஸ்டிரைக்னு வாயத் தொறந்தா நேரா ஏர்போர்ட்தான். என்னையும் சேர்த்துல்ல அனுப்பிருவாங்க!"

பேட்டர் அடிக்கக்கூடிய இடத்துக்குள் பந்து போனால், அவர் அடிக்காமல் விட்டாலும் அது ஸ்டிரைக். வெளியே போனால் 'பால்'. நான்கு பால் போட்டால் பேட்டர் சும்மாவே முதல் பேஸுக்கு நடந்து போய்விடுவார் என்று விளக்கினேன். எல்லோரும் சிரிப்பில் இருந்தார்கள். யார் காதிலும் அது ஏறவில்லை.

என் முதல் மேட்ச்

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து பிற்பகல் மேட்ச். இப்ராஹிம் அண்ணன் ஒரு பஸ்ஸைப் பேசி, கேம்பிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். என் பெயரைத் தமிழில் எழுதிய அட்டைகூட இருந்தது. அதைக் கொண்டுவரச் சொன்னதே நான்தான். இதைச் சொல்லாமல் விட்டால் மீதி விளங்காது. மேட்சுக்கு முந்தைய வாரம் முழுவதும் நான் கேம்பில் அவ்வளவு பேசியிருந்தேன்.

ஆட்டத்தின் நடுவில் என்னை இறக்கினார்கள். நாங்கள் ஒரு ரன் முன்னிலை. எங்கள் கோச் டொமினிக்கன் குடியரசுக்காரர், பெரிய உருவம், சின்னக் குரல். பந்தை என் உள்ளங்கையில் வைத்து, "உன் ஃபாஸ்ட்பால் போதும்" என்றார்.

முதல் பந்து பேட்டரின் தலைக்கு மேலே போய் வலையில் அடித்தது. பரவாயில்லை, படபடப்பு என்று நினைத்தேன். இரண்டாவது பந்து பேட்டர் நிற்கும் பிளேட்டுக்கு முன்னாலேயே தரையில் குத்தியது. குல் மார்பால் தடுத்தான். மூன்றாவது, நான்காவது வெளியே. பேட்டர் மட்டையைப் போட்டுவிட்டு நடந்தார்.

அடுத்தவருக்கும் அதேதான். சிறு வயதிலிருந்து யோசிக்காமல் செய்துவந்த ஒரு காரியம் அது. பந்தை எந்த நொடியில் விட வேண்டும் என்று விரலுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. அன்றைக்கு விரல் என்னிடம் கேட்டது. சீக்கிரம் விட்டால் மேலே போனது, தாமதித்து விட்டால் தரையில் விழுந்தது. மூன்றாவது பேட்டருக்குத் தோளில் பட்டது; அப்படிப் பட்டாலும் அவருக்கு பேஸ் ஓசிதான். அவர் என்னை முறைக்கவில்லை. பாவம் என்பதுபோலப் பார்த்தார். முறைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஒவ்வொரு பந்துக்கும் எங்கள் கேம்ப் ஆட்கள் இருந்த பக்கம் கைதட்டல் கேட்டது. முதலில் தைரியம் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். மூன்று பேஸிலும் ஆள் நிறைந்து, நான் போட்ட இன்னொரு நான்கு பாலில் எதிரணிக்கு ஓசியில் ரன் போனபோதும் கைதட்டினார்கள். விசில்கூட அடித்தார்கள். அந்தப் பக்கம் திரும்ப என்னால் முடியவில்லை.

பேஸ்பாலில் சுற்றின் நடுவே பிட்ச்சர் தானாக இறங்கிப் போக முடியாது. கோச் மேட்டுக்கு நடந்து வருவார். அவர் வரும்வரை நிற்க வேண்டும். வந்ததும் பந்தை அவர் கையில் கொடுக்க வேண்டும். கோச் மெதுவாகத்தான் நடந்து வந்தார். நான் பந்தைக் கொடுத்தேன். என் முதுகில் தட்டினார். மேட்டிலிருந்து எங்கள் பெஞ்சுக்குப் பெரிய தூரமில்லை. ஆனால் அப்படி ஒரு நடை யாருக்கும் வாய்க்கக் கூடாது. அந்த மேட்சில் தோற்றோம்.

கேம்பில் என் முகம்

யாரோ அதை வீடியோ எடுத்து, பாட்டுச் சேர்த்துப் போட்டுவிட்டார்கள். என் பந்து வலையில் போய் அடிக்கிற ஒவ்வொரு தடவையும் ஒரு கழுதை கத்தும். இரண்டு நாளில் ஒட்டன்சத்திரம் வரைக்கும் போய்விட்டது.

என் மனைவி செல்வி தினமும் போன் செய்வாள். மேட்சைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டாள். "சாப்டீங்களா, அங்க குளிரா இருக்கா" என்பாள். ஒரு நாள் தயங்கித் தயங்கி, "கை எதும் வலிக்குதாங்க?" என்றாள். அவளே ஒரு வழியைத் திறந்து கொடுத்ததும் அதற்குள் புகுந்துகொண்டேன். "ஆமா, கொஞ்சம் வலிதான்" என்றேன். அடுத்த வாரம் ஊரிலிருந்து வந்த ஒரு பையன், தேராவில் ஒரு கடை வாசலில் வைத்து என்னிடம் ஒரு தைலப் பாட்டிலைக் கொடுத்தான். மாமியார் காய்ச்சிக் கொடுத்துவிட்டது. உடையாமல் இருக்கத் துணியில் சுற்றி, அதற்குமேல் பிளாஸ்டிக் பை போட்டுக் கட்டியிருந்தார்கள். என் கைக்கு ஒன்றும் இல்லை. அந்தப் பாட்டிலைப் பையில் வைத்துக்கொண்டு மெட்ரோவில் திரும்பியபோது முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

டீமிலும் மறைத்தேன். பயிற்சியில் எறிய வேண்டிய நேரம் வந்தால் பாத்ரூம் போவேன், ஷூ கயிறு கட்டுவேன். பக்கத்தில் நிற்பவனுக்குப் பந்தைத் தூக்கிப் போடுவதற்குக்கூட, நடந்து போய்க் கையில் கொடுப்பேன். ஒரு நாள் ரூமில் எதிர்க் கட்டிலில் இருந்தவன் "குப்பூஸ் பாக்கெட்டத் தூக்கிப் போடுண்ணே" என்றான். ரொட்டி பாக்கெட். கை மேலே போய் அப்படியே நின்றுவிட்டது. எழுந்து போய்க் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

இப்ராஹிம் அண்ணனைத்தான் அதிகம் தவிர்த்தேன். அவர் மெஸ்ஸுக்கு வரும் நேரம் பார்த்து நான் போகாமல் இருந்தேன். போன் அடித்தால் எடுப்பதில்லை. எனக்காக மேனேஜர் முன்னால் நின்ற மனிதர். என்ன முகத்தோடு பேசுவது?

ஒரு காலையில் குழாயடியில் நேராக மாட்டிக்கொண்டேன். அண்ணன் பல் துலக்கிக்கொண்டிருந்தார். வாயைக் கொப்பளித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்ன சேகரு, பெரிய ஆளாயிட்ட. போன் பண்ணா எடுக்க மாட்ற."

"அப்படியெல்லாம் இல்லண்ணே."

"இல்லாம என்ன? பயலுக எல்லாம் சொல்றாய்ங்க. வீடியோவுல வந்ததுலேர்ந்து நம்மள அவன் கண்டுக்கறதில்லன்னு. நாங்க ஒனக்கு என்னடா குத்தம் பண்ணோம்? பஸ்ஸப் புடிச்சு வந்து, தொண்ட கிழியக் கத்துனோம்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "கத்துனீங்கதான். நான் ஒவ்வொரு பந்தா வெளிய போட்டு அசிங்கப்படுறேன், நீங்க விசிலடிச்சுக் கைதட்டுனீங்க."

அண்ணன் பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார்.

"அசிங்கமா? ஒன் பந்த ஒருத்தன்கூட மட்டையால தொடலயேடா. ஒருத்தன் மட்டையக் கீழ போட்டுட்டே போயிட்டான். பயலுக பயந்துட்டாய்ங்கன்னுல்ல நாங்க நெனச்சோம்! அந்தக் கோச்சு ஒன்னைய ஏன் வெளிய கூட்டிட்டுப் போனாருன்னு பஸ்ஸுல வர்றப்ப ஒரே சண்ட."

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அந்தக் குழாயடியிலேயே உட்கார்ந்தேன். ஆட்டத்தின் விதி தெரியாமல், நான் ஜெயித்துக்கொண்டிருப்பதாக நம்பி அத்தனை பேரும் கைதட்டியிருக்கிறார்கள். கழுதை கத்தும் வீடியோவைக்கூட, பேட்டரைக் கிண்டல் செய்வது என்று நினைத்து ஊருக்கெல்லாம் அனுப்பியது எங்கள் கேம்ப் ஆட்கள்தான். மேட்டில் நின்றபோது பட்ட அவமானத்தைவிட இது வேறு மாதிரி இருந்தது. அது பந்து போன வழிக்காகப் பட்டது. இது நான் நடந்துகொண்ட விதத்துக்காக.

அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எறியவே முடியவில்லை என்பதையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "இத அந்தக் கோச்சுகிட்ட சொன்னியா?" என்றார்.

"இல்ல."

"மேஸ்திரிகிட்ட ஏணி ஆடுதுன்னு சொல்லாம ஏணியில நிக்கிறவன நான் பாத்துருக்கேன்டா. விழுந்தா அவன் மட்டும் விழமாட்டான்."

கோச்சிடம் சொன்னது

அன்று பயிற்சிக்குப் போனதும் நேராகக் கோச்சிடம் போனேன். ஆங்கிலத்தில் என்ன சொல்வது என்று பஸ்ஸிலேயே வாய்க்குள் சொல்லிப் பார்த்திருந்தேன். "கோச், என் கையில் வலி இல்லை. எனக்கு எறிய வரவில்லை" என்றேன்.

"தெரியும்" என்றார். "எல்லாருக்கும் தெரியும். நீ பந்தைக் கொண்டுபோய்க் கையில் கொடுக்கிறாய். நான் கேட்டால் இல்லை என்பாய். அதனால் கேட்கவில்லை."

அவ்வளவு நாளும் நான் ஒளித்துவைத்ததாக நினைத்தது எல்லோர் கண் முன்னாலும்தான் இருந்திருக்கிறது. காது சுட்டது.

குல்லைக் கூப்பிட்டார். எங்கள் இருவரையும் சில அடி தூரத்தில் நிற்க வைத்து, கீழ்க்கையால் பந்தைப் போடச் சொன்னார். சின்னக் குழந்தைக்குப் போடுவதுபோல. டீமில் மற்றவர்கள் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தார்கள். தலையைத் தூக்காமல் போட்டேன். மறுநாள் கொஞ்சம் தள்ளி. அதற்கடுத்து, எறியும்போது ஏதாவது பேசிக்கொண்டே எறியச் சொன்னார். யோசிக்க இடம் கொடுக்கக் கூடாதாம்.

குல் இங்கே வருமுன் அல் ஐனில் தண்ணீர் டேங்கர் ஓட்டியவன். "பாய், உங்க ஊர் பஸ் நிக்கிற ஊரையெல்லாம் வரிசையாச் சொல்லு" என்பான். நான் "திண்டுக்கல், செம்பட்டி..." என்று சொல்லிக்கொண்டே எறிவேன். பழனிக்கு வருவதற்குள் பந்து நாலு தடவை அவன் மார்புக்கு நேராகப் போயிருக்கும். சில நாள் போகாது. அவன் தொடையிலும் முழங்காலிலும் பட்டுக் கன்றிப்போயிருந்ததை ஒருநாள் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டேன்.

"காட்டாத பாய் அந்த மூஞ்சிய" என்றான். "பந்து படுறது என் டியூட்டி. போடுறது உன் டியூட்டி. ஜல்தி."

அன்று இரவு உணவுக்கு முன் செல்விக்கு நானே போன் செய்து, கை வலி பொய் என்று சொன்னேன். "அம்மாகிட்ட நான் சொல்ல மாட்டேன். தைலத்த வேற யாருக்காவது தேச்சு விடுங்க" என்றாள். குல்லின் முழங்காலுக்குத்தான் அது போனது.

கடைசி மேட்ச்

பருவத்தின் கடைசி மேட்சில் நாங்கள் வெகுவாகப் பின்தங்கியிருந்தோம். தோற்பது உறுதி. கோச் என்னைப் பார்த்து, "போகிறாயா?" என்றார். இனிக் கெடுக்க ஒன்றுமில்லை என்பதால்தான் கேட்கிறார் என்று தெரிந்தது. அது குத்தத்தான் செய்தது. போனேன்.

கேம்பிலிருந்து இப்ராஹிம் அண்ணனும் ஐந்தாறு பேரும் வந்திருந்தார்கள். "இந்தத் தடவையும் மோசமாப் போகலாம்ண்ணே" என்று முன்பே சொல்லித்தான் கூப்பிட்டிருந்தேன்.

முதல் பந்து பழையபடி தரையில் குத்தியது. முகமெல்லாம் ஜிவ்வென்று ஏறியது. எதிரணி பெஞ்சில் யாரோ கழுதை மாதிரி கத்தினார்கள். குல் பந்தைத் திருப்பிப் போட்டுவிட்டு, முகமூடியைத் தூக்கி, மைதானம் முழுக்கக் கேட்கும்படி, "செம்பட்டி!" என்று கத்தினான். பேட்டருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த பந்து ஸ்டிரைக். அம்பயர் கையை உயர்த்தியதை நான் நம்பாமல் இரண்டாம் தடவை பார்த்தேன். அதற்கடுத்ததும் ஸ்டிரைக். நான்காவது பந்தை நேர் நடுவில், என்னால் முடிந்த வேகத்தில் போட்டேன். பேட்டர் அதைச் சரியாக வாங்கி ஒரே அடி. பந்து வேலியைத் தாண்டிப் போய் எங்கோ விழுந்தது. ஹோம் ரன். பிட்ச்சருக்கு அதைவிட மோசமாக ஒன்று நடக்க முடியாது.

குல் மேட்டுக்கு வந்தான். வாய் காது வரைக்கும் இருந்தது.

"எவ்ளோ தூரம் போச்சு பாத்தியா? நீ சரியாப் போட்டாத்தான் அவ்ளோ தூரம் போகும்."

அடுத்த பேட்டர் தரையோடு அடித்து அவுட்டானார். அதற்கடுத்தவருக்கு நான்கு பால் போட்டேன், நடந்து போனார். அடுத்த இருவர் அவுட்; மூன்று அவுட்டோடு அந்தச் சுற்று முடிந்தது. கோச் மேட்டுக்கு வரவேயில்லை. நானாகவே நடந்து பெஞ்சுக்கு வந்தேன்.

பிறகு

அடுத்த வருடம் அந்த லீக் என்னைக் கூப்பிடவில்லை. கோச்சுக்கு மெசேஜ் அனுப்பிக் கேட்டேன். "உனக்குக் கை திரும்பிவிட்டது, ஆனால் தாமதமாகத் திரும்பியது" என்று பதில் வந்தது. உண்மைதான். டக்ட் வேலைக்கே திரும்பினேன். இப்போது ஃபோர்மேன். குல் இன்னும் ஆடுகிறான்.

வெள்ளிக்கிழமை காலைகளில் அந்த ஷார்ஜா பொட்டலில், பிட்ச்சராக வேண்டும் என்று வருகிற நம் ஆட்கள் சிலருக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்களில் யாராவது அந்தக் கழுதை வீடியோவைப் பார்த்துவிட்டுத்தான் வருவார்கள். "இது நீங்களாண்ணே?" என்று கேட்கும்போது இன்றும் முகம் சுடும். அது போகவில்லை. போகும் என்றும் நான் சொல்ல மாட்டேன்.

பிடி, விரல், காலடி எல்லாம் பிறகு சொல்லித் தரலாம். நான் அவர்களிடம் முதலில் சொல்வது இதைத்தான்: என்றைக்காவது ஒரு நாள் பந்து கைக்குக் கட்டுப்படாது. அன்றைக்கே, அந்த இடத்திலேயே, யாரிடமாவது சொல்லிவிடுங்கள். நான் சொல்வதற்குள் பருவத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. எனக்குக் கிடைத்ததே அந்த ஒரு பருவம்தான்.